பேச்சிராஜா விழுந்துகொண்டிருந்த காலம்

ஆவுடையூர்ப் பேருந்து நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து பேச்சிராஜா கால் வழுக்கி விழத் தொடங்கியது ஓர் ஆனி மாதத்துச் சாரல் பொழுதில். விழத் தொடங்கினான் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று அவன் விழுந்து முடிக்கவில்லை, மறுநாளும் முடிக்கவில்லை, ஆடிக் காற்று அடித்து ஓய்ந்து, ஐப்பசியில் அடைமழை பிடித்து விட்டு, கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைத்து எடுத்த பிறகும் அவன் அந்தரத்தில்தான் இருந்தான், கையில் பச்சைப் பெயிண்ட் பிரஷ்ஷோடு, வாய் பாதி திறந்தபடி, மடித்துக் கட்டிய கைலி மடித்துக் கட்டியபடி, இறங்கிக்கொண்டே இருந்தான்.

அதற்காக ஊர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது என்று நினைத்துவிடக் கூடாது. முதல் நாளே மெத்தையும் தலையணையும் வைக்கோலும் வந்து குவிந்தன, கல்யாண மண்டபத்துக்காரர் தன் ஜமக்காளங்களையெல்லாம் தூக்கிக் கொடுத்தார், பக்கத்து டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து ஏணியை நீட்டியது. ஏணியில் ஏறிப் பேச்சிராஜாவின் தோளைத் தொட்ட வீரருக்கு அந்தக் கை மட்டும் மெதுவாகிப் போய்விட்டது. டீ கிளாஸை எடுத்தால் அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும். ஒரு வாரத்தில் கை சரியாகிவிட்டது என்றாலும் அதற்குப் பிறகு அவனைத் தொட யாரும் துணியவில்லை. தானாக இறங்கட்டும், இப்போது என்ன அவசரம் என்று ஊர் முடிவுக்கு வந்தது. ஆவுடையூர் எந்த விஷயத்திலும் கடைசியில் வந்து சேர்கிற முடிவு அதுதான்.

காரணம் என்ன என்று கேட்டால் பேருந்து நிலையத்தைப் பார்த்த மாதிரி இருந்த ஒரு மாடி அறையைக் கை காட்டுவார்கள். அங்கே பேச்சிராஜாவின் தங்கை உலகம்மாள், உலகு, கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஊர் ஜப்பான் கார்ட்டூன் என்று சொல்லும், அவள் அனிமே என்று திருத்துவாள். அதிலும் பிள்ளைகள் பார்க்கிற பூனைக் கதையெல்லாம் இல்லை, இருட்டும் ரத்தமும் சாபமும் நிறைந்த ராஜ்யங்களின் கதைகள், அவற்றிலிருந்து ஒரு வாள்வீச்சை, ஒரு முகத் திருப்பலை, கூந்தல் காற்றில் பிரிகிற ஒரு நொடியை வெட்டி எடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே யாரும் வரையாத படங்களை உண்டாக்கி உண்டாக்கிச் செருகி, கம்பிப் பாகு இழுபடுவது போல் அந்த நொடியை நீள நீள இழுப்பது அவள் வேலை. மென்பொருள் உண்டாக்குகிற படங்களில் கூந்தலும் வாளும் ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று வரும். அவள் ஒவ்வொன்றையும் கையால் பிரித்துச் சரிசெய்வாள். அவளுடைய ஸ்லோமோஷனில் ஒரு திக்கல் இருக்காது, ஒரு வெட்டுத் தெரியாது. நூற்றுக்கணக்கான பேர் அதே வேலையைச் செய்கிற உலகத்தில், பெயர் போடாவிட்டாலும் இது அவள் கை என்று பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

அன்று அவள் நீட்டிக்கொண்டிருந்தது ஒரு விழுதலை. காக்கைச் சிறகு முளைத்ததற்காக ஓர் இளவரசியை அவளுடைய சொந்த அண்ணனே கோபுரத்திலிருந்து தள்ளிவிடுகிறான்; அவள் விழுகிறாள். அந்த விழுதலை உலகு இழுத்தாள், மறுபடி இழுத்தாள், தரையைத் தொடவிடக் கூடாது என்று ஏதோ ஒரு வீம்பு, இன்னும் இன்னும் படங்களைச் செருகினாள், கணினியின் மின்விசிறி சீறியது, அறை அனலாயிற்று, அவள் சன்னலைத் திறந்துவிட்டாள். அந்த விழுதல் சன்னல் வழியாக வெளியே போய்விட்டது. அதே நேரத்தில் எதிரே தொட்டியின் மேல் அவள் அண்ணன் ஈரத்தில் கால் வைத்தான். இதற்கு மேல் விளக்கம் கிடையாது, ஊரும் கேட்கவில்லை. திரையில் இளவரசி எவ்வளவு இறங்கினாளோ அவ்வளவுதான் வெளியே பேச்சிராஜாவும் இறங்கினான். அதை உலகு அன்று மாலையே கண்டுகொண்டாள், கண்டுகொண்ட நொடியிலிருந்து அந்த ஃபைல்தான் அவளுக்கு அண்ணன்.

ஊர் அவனைத் தன் வழியில் சேர்த்துக்கொண்டது. கண்டக்டர்கள் பேருந்து நிலையம் என்று கூவுவதை விட்டு "விழுறவன் ஸ்டாப்பு எறங்கு" என்றார்கள். தொட்டியில் அவன் எழுதிக்கொண்டிருந்த பேரூராட்சியின் பெயர் பாதியில் நின்றிருந்தது. மீதியை எழுத வேறு ஆளைக் கூப்பிட்டபோது வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆள் வேலையில் இருக்கும்போது நான் எப்படி அவன் இடத்தில் கை வைக்க என்று திரும்பிப் போனார். பிரஷ்ஷிலிருந்து தெறித்த பச்சைத் துளிகளும் அவனோடு சேர்ந்தே இறங்கின, அவன் அருகே வந்த சாரலும் மெதுவாகி அவனைச் சுற்றிப் பாசிமணி போல் தொங்கியது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அதை எண்ணப் பார்த்துத் தோற்றார்கள். எதையாவது தள்ளிப்போட வேண்டியவர்கள் அவனுக்கு நேர்ந்துகொள்ள ஆரம்பித்தார்கள்: வழக்கில் வாய்தா வேண்டியவர், பெண் பார்க்க வருகிறவர்களைப் பிடிக்காத பெண்கள், கணக்குப் பரீட்சைக்குப் படிக்காத மாணவர்கள், எல்லோரும் தொட்டியின் தூணில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். கேட்டது நடந்ததா என்றால் நடந்தது. ஆனால் தள்ளிப்போவது என்பது இந்த நாட்டில் கயிறு கட்டாவிட்டாலும் நடக்கிற காரியம்.

அவனுடைய அம்மா கோமதி பீடி சுற்றுகிறவள். புருஷன் போன பிறகு பீடித் தட்டை மடியில் வைத்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவள், இப்போது அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டியடிக்கு வந்துவிட்டாள். தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று தெருப் பெண்களும் தட்டோடு வந்தார்கள். கொஞ்ச நாளில் அது ஒரு சங்கம் போல் ஆகிவிட்டது. மதியம் ஆனால் கோமதி ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு அவனைப் பார்த்து உயர்த்திக் காட்டுவாள், சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு அவன் பேரைச் சொல்லித் தானே சாப்பிடுவாள். அவனுக்கு இதெல்லாம் ஒரு கண்சிமிட்டல் நேரம்கூட ஆகியிருக்காதம்மா, பசியே எடுத்திருக்காது என்று பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். பெற்றவளுக்குத் தெரியாத பசியா என்று அவள் அவருக்கும் ஒரு வாய் கொடுத்து அனுப்பினாள்.

அவளுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். கீழே வந்து தொடும்போது என்ன ஆகும்? உலகு ஒவ்வொரு மாலையும் அதற்குப் பதில் சொன்னாள். கடைசி வரை இதே வேகத்தில் இருந்தால் விழுந்த மாதிரியே இருக்காது, தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துப் பாயில் போடுகிற மாதிரி இறக்கிவிடுவேன், என் கை தவறாது என்றாள். அம்மா அவள் தலையைத் தடவி, ஒன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா என்பாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் உலகு அந்த மாதங்களில் கண் எரிய எரிய உட்கார்ந்து படம் படமாகப் பிரித்துச் சரிசெய்தாள்; வேறு எடிட் எதையும் அவள் தொடவில்லை, அண்ணனைத் தை மாதத்தில் மெத்தையில் இறக்குவது ஒன்றுதான் அவள் ஆசையாக இருந்தது.

ஆனால் ஃபைல் வளர்ந்தது. அவளுடைய பழைய கணினி அதைத் திறக்கவே மூச்சு வாங்கியது. அப்போதுதான் அதை ரீகனின் கடைக்கு மாற்ற வேண்டி வந்தது. ரீகன் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான், நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி ஊரில் அவனிடம்தான் உண்டு. அவளுடைய வீடியோக்கள் வருகிற யூடியூப் சேனலை அவளும் அவனும் சேர்ந்துதான் நடத்தினார்கள்; நீட்டுவது அவள், பாட்டோடு பொருத்தி ஏற்றுவது அவன். அந்த வேலையில் இருப்பவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. முடிந்த வீடியோவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பகிரலாம், பெயர் சொல்லிவிட்டுத் தன் எடிட்டில்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவருடைய ஃபைலைச் சொல்லாமல் திறந்து கை வைப்பது அடுத்தவன் சமையலறைக்குள் போய்ச் சட்டியைக் கிண்டுவதற்குச் சமம். ரீகனுக்கு அது தெரியும். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யக்கூடச் செய்தான். உலகு தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்துவிட்டுப் போனாள், அவன் டீ வாங்கிக் கொடுத்தான், இரண்டு பேருக்கும் நடுவே ஏதாவது இருக்கிறதா என்றுகூட ஊர் பேசியது, இருந்திருந்தாலும் இருந்திருக்கும்.

மார்கழி கடைசியில் பேச்சிராஜா ஓர் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டான். அண்ணன் வருகிறான் அல்லவா, வீட்டை இப்படியா வைத்திருப்பது, இந்தக் கொஞ்ச நாள் நீ வீட்டிலிருந்து வெள்ளையடித்து ஒதுங்க வை, கடைசி வேலையை ரீகன் பார்த்துக்கொள்வான், அதான் நீ எல்லாம் செய்து வைத்துவிட்டாயே என்றாள் அம்மா. நியாயமாகத்தான் பட்டது. உலகு பரணைத் துடைத்தாள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், அண்ணனுடைய பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்துத் துவைத்துப் போட்டாள். அந்தப் பெட்டியில் கத்தாருக்குப் போக வந்த விசாவும் இருந்தது. அவன் விழாமலிருந்தால் ஆடியிலேயே விமானம் ஏறியிருப்பான்.

தையில் அந்த நாள் வந்தது. பேருந்து நிலையத்தில் வாழைமரம் கட்டி மைக் செட் போட்டிருந்தார்கள், மெத்தைகளுக்குப் புது உறை தைத்துப் போட்டிருந்தார்கள், பேருந்துகள் வெளியே சாலையிலேயே ஆள் ஏற்றின. பேச்சிராஜா மெத்தைக்கு ஒரு சாண் மேலே இருந்தான். கோமதி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவனுக்குக் கீழே குனிந்து நின்றாள், காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றாள், யார் சொல்லியும் உட்காரவில்லை. அன்று முழுக்க அவன் இறங்கினதாகவே தெரியவில்லை. ரீகன் நல்லதுக்குத்தான் இன்னும் மெதுவாக்கியிருக்கிறான், எவ்வளவு பக்குவமாக இறக்குகிறான் பார் என்று கூட்டத்தில் நின்ற உலகுவுக்கு அவன்மேல் உருகியது.

பொழுது சாய்ந்ததும் பேச்சிராஜா மேலே போனான். பறந்து போகவில்லை, யாரும் தூக்கவும் இல்லை. ஒரு சாண் உயரத்தில் இருந்தவன் அடுத்த பார்வையில் தொட்டியின் உச்சியில் இருந்தான், ஈரத்தில் கால் வைத்தான், வழுக்கினான், பச்சைத் துளிகள் மறுபடி பிரஷ்ஷிலிருந்து கிளம்பின. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று யாரோ ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். டீக்கடைக்காரர் அடுப்பைத் தூண்டிவிட்டுப் பாலை ஏற்றினார். கல்யாண மண்டபத்துக்காரர், அப்படியானால் இனி வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த விழா வரும் போலிருக்கிறதே என்று கணக்குப் போட்டார். மஞ்சள் கயிறு கட்டியவர்கள் முகத்தில் தெளிவு வந்தது. ஒருவருக்கும் கோபம் வரவில்லை என்பதை உலகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவளுடைய கல்லூரித் தோழி ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கி, ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லையடி, உன்னைத் தவிர யாரால் முடியும் என்றாள்.

அதை லூப் என்பார்கள். கடைசிப் படத்தை முதல் படத்தோடு இழைத்துவிட்டால் வீடியோ முடியவே முடியாது, பார்க்கிறவனும் முடிந்தது தெரியாமல் பார்த்துக்கொண்டே இருப்பான். உலகு நேரே ரீகனின் கடைக்குப் போனாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, விசைப்பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். ஏன் செய்தாய் என்று அவள் கேட்டதற்கு, எனக்கு மட்டும் ஆசையா என்று ஆரம்பித்து, லூப் என்றால் பார்க்கிறவர்கள் கூடுவார்கள் என்பது உண்மைதான் என்று நடுவில் தானே ஒத்துக்கொண்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"உங்கம்மாதான் வந்து கேட்டாவ, உலகு. கால்ல விழாத கொறையாக் கேட்டாவ. நான் என்ன செய்ய?"

அவள் நம்பவில்லை. நம்பாமலேயே தொட்டியடிக்கு நடந்தாள். கூட்டம் கலைந்திருந்தது. கோமதி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, நாள் முழுக்க நீட்டி மரத்துப்போன கைகளை ஒன்றையொன்று பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுத தடம் இல்லை. அதைப் பார்த்ததுமே உலகுவுக்குப் புரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டாள்.

"நீயாம்மா சொன்ன?"

"மேல கெடக்க வரைக்கும் எம்புள்ள உசுரோட கெடக்கான்" என்றாள் கோமதி. "தரைய தொட்டா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். தெனமும் சொன்னம்லா."

"சொன்ன."

"அப்ப எங்கைய நீ நம்பல."

கோமதி மகளைப் பார்க்காமல் மேலே மகனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ரீகன் தப்புப் பண்ணுனா அவன வஞ்சி, மண்ண வாரித் தூத்திட்டுப் போயிருவேன். நீ பண்ணிட்டா நான் யாரட்டி வைய? அப்புறம் ஒம்மூஞ்சிய நான் எப்படிப் பாக்க?" அத்தோடு நிறுத்தியிருந்தால் உலகு அந்த இடத்திலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். ஆனால் வாய் தவறியது போல் இன்னொன்றும் வந்தது. "எறங்குனாலும் நிக்கவா போறான். ஏரோப்பிளேன்ல ஏறிருவான். இங்கன கெடந்தா தெனமும் பாத்துக்கிடலாம்லா."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் சொல்வார்கள், சொத்துத் தகராறில் சொல்வார்கள், பங்குச் சண்டையில் சொல்வார்கள். உலகு அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். அன்று அது அவள் நெஞ்சில் முள்ளாக ஏறியது. வெள்ளையடிக்கச் சொன்னது, பரணைத் துடைக்கச் சொன்னது, தலையைத் தடவியது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. இளவரசியைத் தள்ளிவிட்டது யார் என்று அவள் அந்தக் கதையில் எத்தனை தடவை பார்த்திருப்பாள், வீட்டுக்குள் இருப்பவர்தான் தள்ளுவார் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

வீட்டில் பேச்சு நின்றது. சண்டை இல்லை, அம்மா சோறு போட்டாள், மகள் சாப்பிட்டாள், நடுவே குழம்பு வேண்டுமா என்ற கேள்விகூட இல்லை. சேனலிலிருந்து உலகு விலகிக்கொண்டாள். ரீகன் மட்டும் தனியாக ஏற்றிய எடிட்டுகளில் கூந்தலும் வாளும் ஒட்டிக்கொண்டு கொழகொழத்தன, அவள் எங்கே என்று முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவள் கடைக்குப் போனாள். ரீகனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான், ஒட்டுப் போட்ட இடத்தைத் தானே திறந்து காட்டினான், குற்றவுணர்ச்சியையும் மீறி அவன் கண்ணில் ஒரு பாராட்டு எதிர்பார்ப்பு இருந்தது. பாஸ்வேர்டை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு அடித்தான். உலகு ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தாள். பார்த்தவள் ஓரிடத்தில் நின்றாள். அனிமே வரைகிறவர்கள் எல்லா நொடிக்கும் புதுப் படம் வரைவதில்லை. கை வலிக்காதா, ஒன்றை வரைந்து அதையே இரண்டு மூன்று ஃப்ரேமுக்கு அப்படியே வைத்துவிடுவார்கள். சாதாரண வேகத்தில் கண்ணுக்குத் தெரியாது. நீட்டினால் அந்த இடத்தில் எல்லாம் உறைந்து நிற்கும். அதனால் நீட்டுகிறவர்கள் முதலில் உட்கார்ந்து அந்தச் செத்த ஃப்ரேம்களைப் பொறுக்கி எறிவார்கள், அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. பொறுமை இல்லாதவர்கள் அதைத்தான் விட்டுவிடுவார்கள். ரீகன் ஒட்டுக்கு முன்னால் ஒரு செத்த ஃப்ரேமை விட்டிருந்தான். அந்த ஃப்ரேம் நீண்டு ஒரு பகல் முழுவதும் ஆகியிருந்தது. அம்மா கையை நீட்டி நின்ற அந்தப் பகல்.

அப்படியென்றால் அன்று அண்ணன் இறங்கவே இல்லை. மெதுவாகவும் இறங்கவில்லை, நின்றான். நிற்கிறவன் விழுகிறவன் இல்லை; நிற்கிறவனைத் தொட்டால் கையும் மெதுவாகாது. அன்று காலையில் யாராவது பக்கவாட்டில் கையைப் போட்டு இழுத்திருந்தால் அவன் வந்திருப்பான்.

"எப்படி இருக்கு?" என்று ரீகன் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் உலகு.

அதுவரை அவளுக்குத் துரோகம் செய்யத் தெரியாது. ஒரு செத்த ஃப்ரேமைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் எழுந்து வருவது அவளைப் போன்றவளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரீகனிடம் போய் நிற்பாள், ரீகன் அதை எடுத்துவிடுவான் என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது.

ஊர் இரண்டாம் விழுதலுக்குப் பழகிவிட்டது. அவன் பாதி வழிக்கு வந்தால் விதைப்புக்குப் பார்க்கலாம் என்றார்கள், அவன் தொட்டியின் இடுப்பைத் தாண்டிவிட்டான் என்று கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கோமதி பீடித் தட்டோடு வந்து உட்கார்ந்தாள், மதியச் சோற்றை உயர்த்திக் காட்டினாள், பக்கத்துப் பெண்களிடம் பழையபடி சிரித்துப் பேசவும் தொடங்கினாள். சில நாள் அவள் மகனைப் பார்த்து, காத்து ஜாஸ்தியா இருக்கய்யா, சளி புடிச்சிரப் போவுது என்று சொல்வது உலகுவின் சன்னல்வரை கேட்கும். அந்தச் சந்தோஷத்தைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

ஆடியில் அவன் மறுபடி ஒரு சாண் உயரத்துக்கு வந்தான். மறுபடி வாழைமரம், மறுபடி மைக் செட். கோமதி கையை நீட்டி நிற்பது இப்போது விழாவின் பகுதியாகிவிட்டிருந்தது. அவளுக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள், இந்தத் தடவை அவள் முகத்தில் பயம் இல்லை, சாயங்காலம் அவன் மேலே போய்விடுவான் என்று தெரிந்தவள் நின்ற மாதிரிதான் நின்றாள். ஆடிக் காற்றில் வாழை இலைகள் கிழிந்து படபடத்தன. காற்றில் அவன் கைலியின் ஓரம் அசையவில்லை, பச்சைத் துளிகள் அசையவில்லை. உலகு அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மெத்தையில் முழங்கால் போட்டு ஏறி, அண்ணனுடைய அக்குளுக்குள் கையைக் கொடுத்து, பரணிலிருந்து அண்டாவை இறக்குவது போல் நெஞ்சோடு அணைத்துப் பக்கவாட்டில் இழுத்தாள்.

முதலில் கனமே இல்லை. அப்புறம் ஓர் ஆளின் முழுக் கனமும் ஒரே சமயத்தில் வந்து அவள்மேல் சாய்ந்தது. இரண்டு பேரும் புரண்டார்கள், அவளுடைய முழங்கை சிமெண்டுத் தூணில் உரசித் தோல் வழன்றது, பச்சைத் துளிகள் சடசடவென்று எல்லார் சட்டையிலும் விழுந்தன. மைக் செட்டுக்காரர் பாட்டை நிறுத்தினார். பேச்சிராஜா உரக்க மூச்சு வாங்கினான். மூச்சு வாங்குகிற சத்தம் அந்தப் பேருந்து நிலையம் முழுக்கக் கேட்டது.

கோமதி கத்தவில்லை. நீட்டிய கைகள் நீட்டியபடி இருந்தன, பிறகு அவை தாமாகவே அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தன, முகத்தைத் தடவின, நெஞ்சைத் தடவின, காலைப் பிடித்துப் பார்த்தன. ஒரு கீறல் இல்லை. அவள் வாய் கோணிக்கொண்டு அழுகை பீறிட்டது. பேச்சிராஜா கண்ணைத் திறந்தான். அவனுக்கு ஆனி மாதத்துச் சாரலில் கால் வழுக்கியது, இதோ கீழே வந்தாயிற்று, அவ்வளவுதான். நடுவில் எதுவும் இல்லை. கண்ணுக்கு நேரே அம்மாவின் முகம் இருந்தது.

"யம்மா" என்றான். "புடிச்சிட்டியா?"

கோமதி மகனின் தலைக்கு மேலாக மகளைப் பார்த்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, ரீகன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு சொல் சொன்னால் போதும் என்று உலகு நினைத்தாள். அந்த ஒரு சொல்லுக்கு வெள்ளையடித்த நாட்களையும் பேசாத மாதங்களையும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடத் தயாராக இருந்தாள்.

"புடிச்சிட்டேன்யா" என்றாள் கோமதி. "அம்மாதான்யா புடிச்சேன்."

பேச்சிராஜா சிரித்தான். எழுந்து உட்கார முயன்றபோதுதான் தன் காலுக்கடியில் கிடந்த தங்கையைப் பார்த்தான். முழங்கையைப் பொத்திக்கொண்டு கிடந்தாள்.

"ஏட்டி, நீயும் வந்துட்டியா? கம்ப்யூட்டர விட்டுட்டு எந்திரிச்சியாக்கும்? எப்ப வந்த?"

"இப்பதாண்ணே வந்தேன்" என்றாள் உலகு.